அரியர் வைத்தவன் சொல்லும் மோல் கணக்கு

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழுவினர் கேட்டபோது வகுப்பில் பாதிப் பேர் கவிதை கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. எனக்கு வந்தது அரியர்தான். முதலாண்டு வேதியியலில் பெயிலாகி, அடுத்த முறை எழுதித்தான் பாஸானேன். இடைப்பட்ட ஆறு மாதத்தில் தெரிந்துகொண்டதை எழுதினால் யாராவது ஒருவருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். மேதாவித்தனம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார். ரிசல்ட் வந்த அன்று "கெமிஸ்ட்ரில அரியர் விழுந்திருச்சும்மா" என்றேன். அம்மாவுக்கு அந்த வார்த்தை புரியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டிருக்கிறார். அந்த அக்கா "அரியர்னா பாக்கி" என்று சொல்லிவிட்டது. மறுநாள் காலையில் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "எவ்வளவுய்யா பாக்கி? சனிக்கிழமை சம்பளத்துல கட்டிரலாம்" என்றார். பணப் பாக்கி இல்லை, பாடப் பாக்கி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெயிலானதற்குக் காரணம் தேடிப் பழைய மாதத் தேர்வுத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஒரு கேள்வி கண்ணில் பட்டது. 6.35 கிராம் செம்புத் துண்டுகளை 100 மில்லி லிட்டர், 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுகிறோம். வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ், அழுத்தம் 1 அட்மாஸ்பியர். எத்தனை லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும்? ஐந்து மார்க். நான் ஒரு பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டு 0.22 லிட்டர் என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தேன். சார் சிவப்பு மையில் "ஒரே கணக்கில் மூன்று தப்பு" என்று எழ்ுதியிருந்தார். அப்போது அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அரியர் விழுந்த பிறகுதான் அந்த மூன்று தப்பு என்னென்ன என்று தேட ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரையே அந்தத் தேடல்தான்.

முதலில் மோல். தமிழ் மீடியத்தில் படித்து வந்த எனக்கு மோல் என்றாலே ஏதோ கண்ணுக்குத் தெரியாத பூச்சி மாதிரி ஒரு பயம். உண்மையில் அது ஒரு எண்ணிக்கையின் பெயர், அவ்வளவுதான். வாழைப்பழம் டஜன் கணக்கு. தீப்பெட்டி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. பள்ளிக்கூடம் போகாத எங்கள் ஆச்சிகூட குரோஸ் கணக்கில் தப்பு விட்டதில்லை. அதுபோல ஒரு மோல் என்றால் 6.022 பெருக்கல் பத்தின் 23-ஆம் அடுக்கு. அணுவாக இருந்தாலும் சரி, மூலக்கூறாக இருந்தாலும் சரி. 2019 மே 20 முதல் இந்த எண்ணை 6.02214076 என்று முடிவாகவே நிர்ணயித்துவிட்டார்கள். நமக்குப் பரீட்சைக்கு 6.022 போதும்.

இவ்வளவு பெரிய எண்ணை யார் உட்கார்ந்து எண்ணுவது? இங்கேதான் ஆணிக் கடையை நினைத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் ஆணியை எண்ணிக் கொடுப்பதில்லை, நிறுத்துக் கொடுக்கிறார். ஒரு ஆணியின் எடை தெரிந்தால் கால் கிலோவில் எத்தனை இருக்கும் என்று சொல்லிவிடலாம். வேதியியலிலும் அதே வேலைதான். ஜிங்க்கின் அணு நிறை 65.4. அப்படீன்னா 65.4 கிராம் ஜிங்க் எடுத்தால் அதில் ஒரு மோல் அணு இருக்கிறது. 6.54 கிராம் என்றால் 0.1 மோல். கிராமை அணு நிறையால் வகு, மோல் வரும். தராசில் நிறுத்தே எண்ணிவிட்டோம்.

ஏன் கிராமிலேயே கணக்குப் போடக்கூடாது என்று நானும் கேட்டேன். பொருட்கள் ஒன்றோடொன்று சேருவது எண்ணிக்கைப்படிதான், எடைப்படி இல்லை. ஒரு சைக்கிளுக்கு ஒரு ஃபிரேம், இரண்டு சக்கரம். ஒரு கிலோ ஃபிரேமுக்கு ஒரு கிலோ சக்கரம் என்று யாரும் மாட்டுவதில்லையே.

சமன்பாட்டை வாயால் சொல்லிப் பார்த்த பிறகுதான் எனக்கு மண்டையில் ஏறியது. நீங்களும் சொல்லிப் பாருங்கள்: ஒரு மோல் ஜிங்க், இரண்டு மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்ந்தால், ஒரு மோல் ஜிங்க் குளோரைடும் ஒரு மோல் ஹைட்ரஜன் வாயுவும் கிடைக்கும். சமன்பாட்டில் முன்னால் நிற்கும் எண்கள் எல்லாம் இப்படித் தமிழில் சொல்வதற்காகத்தான்.

இப்போது வாயுவுக்கு வருவோம். நான் அதிகமாக அடி வாங்கியது இங்கேதான். பி.வி. சமம் என்.ஆர்.டி. என்பதை எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். பி. அழுத்தம், வி. கனஅளவு, என். மோல் எண்ணிக்கை, டி. வெப்பநிலை. ஆர். என்பது மாறாத எண். லிட்டரும் அட்மாஸ்பியரும் போட்டால் அதன் மதிப்பு 0.0821. பாஸ்கலும் கன மீட்டரும் போட்டால் 8.314. இரண்டையும் கலக்கினால் விடை எங்கேயோ போய் நிற்கும்.

வெப்பநிலையைக் கெல்வினில் போட வேண்டும், அதாவது செல்சியஸோடு 273 கூட்ட வேண்டும் என்று சார் நூறு தடவை சொல்லியிருப்பார். ஏன் கூட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் பரீட்சை அவசரத்தில் மறந்துபோனேன். காரணம் இதுதான். செல்சியஸில் சைபர் என்பது பனிக்கட்டி உருகும் இடம். தண்ணீருக்கு அது முக்கியமான இடம், வாயுவுக்கு அது ஒன்றுமே இல்லை. சைபர் டிகிரியை அப்படியே சூத்திரத்தில் போட்டால் கனஅளவும் சைபர் என்று வரும். அப்படியென்றால் பலூனை ஐஸ் பெட்டியில் வைத்தால் உள்ளே இருக்கும் காற்று காணாமல் போக வேண்டும். போகிறதா? கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான்.

எவ்வளவு சுருங்கும் என்று அளந்து பார்த்தவர்கள் பிரான்ஸ் நாட்டு சார்லஸும் கே-லுசாக்கும். கே-லுசாக் 1802-இல் இதை வெளியிட்டார். அழுத்தத்தை மாற்றாமல் வைத்தால், ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் வாயுவின் கனஅளவு, சைபர் டிகிரியில் இருந்ததில் ஏறத்தாழ 273-இல் ஒரு பங்கு குறைகிறது. அந்தக் கோட்டைப் பின்னாலேயே நீட்டிக்கொண்டு போனால் மைனஸ் 273 டிகிரியில் சைபரைத் தொடும். நிஜ வாயு அதற்குள் திரவமாகிவிடும், அது வேறு விஷயம். வாயுவுக்கு உண்மையான சைபர் அந்த இடம்தான். அங்கிருந்து எண்ண ஆரம்பிப்பதுதான் கெல்வின். இது புரிந்த நாளிலிருந்து 273 கூட்ட நான் மறந்ததே இல்லை.

லீவு நாட்களில் ஊரில் ஒரு பஞ்சர் கடையில் வேலை பார்ப்பேன். அங்கே பார்த்ததையே கணக்காக்குகிறேன். காலையில் 27 டிகிரியில் கார் டயருக்கு 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். மத்தியானம் தார் ரோட்டில் ஓடி டயருக்குள் இருக்கும் காற்று 57 டிகிரி ஆகிவிடுகிறது. கேஜ் எவ்வளவு காட்டும்? செல்சியஸை அப்படியே போட்டால் 30 பெருக்கல் 57 வகுத்தல் 27, அதாவது 63 வரும். அவ்வளவு ஏறினால் ரோட்டில் ஒரு டயர் மிஞ்சாது.

கெல்வினில் போட்டால் 300-லிருந்து 330, பத்தில் ஒரு பங்குதான் கூடுதல். 30-க்குப் பத்தில் ஒரு பங்கு 3, ஆகவே 33 என்று சொல்லத் தோன்றும். அதுவும் தப்பு! காற்றே இல்லாமல் சப்பையாகக் கிடக்கும் டயரில் கேஜ் சைபர் காட்டும். ஆனால் உள்ளே காற்று இல்லாமல் இல்லை, வெளியே இருக்கும் அதே அழுத்தத்தில் இருக்கிறது. கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டும். வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பவுண்டு. ஆகவே உள்ளே இருப்பது 44.7. அதை 330-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் 49.2. அதிலிருந்து 14.7-ஐக் கழித்தால் கேஜ் சுமார் 34.5 காட்டும். டயர் விரியவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. காற்று அடிக்க வேண்டிய அளவை டயர் சூடாகும் முன்பே பார்க்கச் சொல்வது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கெல்வினும் கேஜும் ஒரே தப்பின் இரண்டு முகம். சைபர் எங்கே இருக்கிறது என்று பார்க்காததுதான் அந்தத் தப்பு.

இடையில் ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். சைபர் டிகிரியில் ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் என்று ஒரு புத்தகமும் 22.7 லிட்டர் என்று இன்னொரு புத்தகமும் போட்டிருக்கும். இரண்டும் சரிதான். 22.4 என்பது 1 அட்மாஸ்பியரில். 1982-இல் உலக வேதியியல் சங்கம் திட்ட அழுத்தத்தை 1 பார் என்று மாற்றியது. அந்த அழுத்தத்தில் 22.7. கேள்வியில் எது கொடுத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் 27 டிகிரியில், 1 அட்மாஸ்பியரில் அதுவே 24.6 லிட்டர்.

எந்த வாயுவாக இருந்தாலும் ஒரே அளவு இடத்தில் ஒரே எண்ணிக்கை மூலக்கூறுகள்தான் என்று இத்தாலிக்காரர் அவகாட்ரோ சொன்னது 1811-இல். பெரும்பாலோர் காதில் வாங்கவில்லை. 1856-இல் அவர் இறந்தே போனார். 1860-இல் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்து மாநாட்டில் கன்னிசாரோ என்பவர் அதை எடுத்துப் பேசிய பிறகுதான் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டார்கள். அரியர் வைத்தவர்கள் இதைக் கொஞ்சம் ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம்.

கரைசல் கணக்கு வாயுவைவிட லேசு. மோலாரிட்டி என்றால் ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் இருக்கிறது என்பது. மோலாரிட்டியை லிட்டரால் பெருக்கினால் மோல் வரும். மில்லி லிட்டரை ஆயிரத்தால் வகுக்க மறந்தால் 100 மில்லியில் 100 மோல் ஆசிட் இருக்கிறது என்று விடை வந்து, நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

நீர்க்க வைக்கும் கணக்கு வீட்டில் கூழ் கரைப்பது போலத்தான். எதிர்பாராமல் இரண்டு பேர் கூடுதலாகச் சாப்பிட வந்துவிட்டால் அம்மா கூழில் இன்னும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவார். கூழ் நீர்த்துப்போகும், ஆனால் உள்ளே இருக்கும் மாவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கரைசலில் மாவுக்குப் பதில் மோல். ஆகவே முன்பிருந்த மோலாரிட்டி பெருக்கல் கனஅளவும், பின்பிருக்கும் மோலாரிட்டி பெருக்கல் கனஅளவும் சமம். லேப் பாட்டிலில் வரும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ 12 மோலார். 500 மில்லி, 1 மோலார் வேண்டுமென்றால் 500-ஐ 12-ஆல் வகுத்து 41.7 மில்லி எடுத்தால் போதும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது. கந்தக அமிலத்தில் இதை மறந்தால் சூடேறி முகத்தில் தெறிக்கும். இது மார்க்குக்காகச் சொல்வது இல்லை.

லேபில் கரைசல் தயாரிக்கும்போது ஒரு இடத்தில் எல்லோரும் வழுக்குவோம். 250 மில்லி, 0.1 மோலார் காப்பர் சல்பேட் வேண்டும். 0.025 மோல். மூலக்கூறு நிறை 159.6 என்று எடுத்து 3.99 கிராம் நிறுத்தால் கரைசல் தப்பாகிவிடும். ஏனென்றால் பாட்டிலில் இருக்கும் நீல நிற மயில்துத்தத்தில் ஒவ்வொரு மூலக்கூறோடும் ஐந்து தண்ணீர் மூலக்கூறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் எடையையும் சேர்த்தால் 249.7. ஆகவே 6.24 கிராம் நிறுக்க வேண்டும். பாட்டில் லேபிளைப் படிக்காமல் தராசுப் பக்கம் போகாதீர்கள். அதேபோல் 250 மில்லி தண்ணீரை அளந்து ஊற்றுவதும் தப்பு. கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க்கின் கோடு வரை நிரப்ப வேண்டும்.

இனி வினைத்திறன். பாடப்புத்தகத்தில் கடைசியில் வருகிறது. கணக்கில் இதுதான் முதலில் வர வேண்டும். பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், ஜிங்க், இரும்பு, வெள்ளீயம், காரீயம், ஹைட்ரஜன், செம்பு, வெள்ளி, தங்கம். மேலே இருப்பது கீழே இருப்பதை அதன் உப்புக் கரைசலிலிருந்து வெளியே தள்ளும், கீழே இருப்பது மேலே இருப்பதைத் தள்ளாது. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் சில நிமிடத்தில் ஆணி மேல் செம்பு படியும். ஜிங்க் சல்பேட் கரைசலில் செம்புக் கம்பியைப் போட்டுவிட்டு நாள் முழுக்கக் காத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. இரும்பு வாளிக்கு ஜிங்க் பூசுவதும் இந்த வரிசையை வைத்துத்தான். பூச்சில் கீறல் விழுந்தாலும் ஜிங்க்தான் முதலில் அரிக்கும், இரும்பு தப்பிக்கும்.

செம்பு ஹைட்ரஜனுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே சாதாரணமாக ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து ஹைட்ரஜனைத் தள்ள அதனால் முடியாது. எவ்வளவு ஹைட்ரஜன் வரும்? சைபர். அந்த ஐந்து மார்க்குக்கு ஒரு வரிதான் விடை. நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன்.

"அப்போ செம்புப் பாத்திரத்தில் புளி வைத்தால் பச்சையாகக் களிம்பு ஏறுகிறதே?" என்று என் அறைத்தோழன் மடக்கினான். நல்ல கேள்வி. அங்கே செம்பு ஹைட்ரஜனைத் தள்ளவில்லை. காற்றில் உள்ள ஆக்ஸிஜன் வந்து சேர்ந்துகொள்வதால்தான் செம்பு கரைகிறது. நைட்ரிக் அமிலத்திலும் செம்பு கரையும், ஆனால் அங்கேயும் வருவது ஹைட்ரஜன் இல்லை, நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்கள்.

சரி, செம்புக்குப் பதில் சார் 6.54 கிராம் ஜிங்க் கொடுத்திருந்தால்? அப்போதும் நான் தேறியிருக்க மாட்டேன். ஜிங்க் 0.1 மோல். ஆசிட் 1 பெருக்கல் 0.1 லிட்டர், அதுவும் 0.1 மோல். ஒரு மோல் ஜிங்க்குக்கு ஒரு மோல் ஹைட்ரஜன், ஆகவே 0.1 மோல் ஹைட்ரஜன் என்று எழுதிவிடுவேன். சைக்கிளை நினைத்துப் பாருங்கள். பத்து ஃபிரேம் இருக்கிறது, பத்துச் சக்கரம் இருக்கிறது. எத்தனை சைக்கிள் ஓடும்? ஐந்துதான். ஐந்து ஃபிரேம் சும்மா சுவரில் சாய்ந்து கிடக்கும். ஒரு ஜிங்க்குக்கு இரண்டு ஆசிட் தேவை. 0.1 மோல் ஆசிட்டுக்கு 0.05 மோல் ஜிங்க்தான் வேலை செய்யும். மீதி 3.27 கிராம் ஜிங்க் அடியில் அப்படியே கிடக்கும். ஹைட்ரஜன் 0.05 மோல்.

இனி கனஅளவு. 0.05 பெருக்கல் 0.0821 பெருக்கல் 300. விடை 1.23 லிட்டர். எடுத்ததும் அடிக்கோடு போட்டுவிடாதீர்கள். 22.4-ஐ 0.05-ஆல் பெருக்கினால் 1.12. அது சைபர் டிகிரியில். 27 டிகிரியில் கொஞ்சம் விரிந்திருக்க வேண்டும், 1.23 அப்படித்தான் இருக்கிறது. 300-க்குப் பதில் 27 போட்டிருந்தால் 0.11 வந்திருக்கும். சூடாக்கினால் வாயு பத்தில் ஒன்றாகச் சுருங்குமா? இந்த ஒரு நிமிடச் சோதனை தெரிந்திருந்தால் என் பழைய 0.22-ஐ நானே அடித்திருப்பேன். வாயுவைத் தண்ணீருக்கு மேல் சேகரித்ததாகக் கேள்வியில் இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. 27 டிகிரியில் நீராவியின் அழுத்தம் சுமார் 27 மில்லி மீட்டர். 760-இல் அதைக் கழித்து 733 என்று எடுத்துக்கொண்டால் கனஅளவு 1.28 லிட்டராகும்.

வினை நடக்குமா என்று பார்க்கவில்லை, எது முதலில் தீரும் என்று பார்க்கவில்லை, கெல்வினுக்கு மாற்றவில்லை. சார் சிவப்பு மையில் எழுதிய மூன்று தப்பும் இவைதான். இரண்டாம் தடவை எழுதப் போனபோது கேள்வித்தாள் வாங்கியதும் முதல் ஐந்து நிமிடம் கால்குலேட்டரை மூடியே வைத்திருந்தேன். கொடுத்த ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதினேன். பாஸானேன். மார்க் எவ்வளவு என்று கேட்காதீர்கள், அது எனக்கும் சாருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். அம்மாவிடம் "பாக்கி தீர்ந்துருச்சும்மா" என்றேன். "யாரு கட்டுனா?" என்று கேட்டார்.

முதலாண்டுத் தம்பி தங்கைகளுக்கு ஒரு கணக்கு விட்டுவிட்டுப் போகிறேன். 0.24 கிராம் மக்னீசியம் நாடாவை 50 மில்லி, 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுகிறோம். மக்னீசியத்தின் அணு நிறை 24. 27 டிகிரி, 1 அட்மாஸ்பியர், வாயு காய்ந்த நிலையில். ஹைட்ரஜன் எத்தனை மில்லி? முடிவில் பீக்கரில் மிச்சம் இருக்கும் அமிலத்தின் மோலாரிட்டி என்ன? எனக்கு 246 மில்லியும் 0.1 மோலாரும் வந்தது. உங்களுக்கு வேறு வந்தால் தாளோடு விடுதிக்கு வாருங்கள், மூன்றாமாண்டு வரிசையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறை. தப்பு என்னுடையதாகவும் இருக்கலாம்.